மஞ்சள் கோட்டைத் தாண்டிப் புல்லில் வண்டியை நிறுத்தினால் அபராதம் செல்லுமா?

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கிறேன், லண்டனுக்கு வெளியே. சாலையோரம் இரட்டை மஞ்சள் கோடு, அதாவது எந்த நேரமும் நிறுத்தக் கூடாது. ஆனால் நான் வண்டியைச் சாலையில் நிறுத்தவே இல்லை, நான்கு சக்கரமும் பக்கத்துப் புல்லில்தான் இருந்தன. அப்படியும் கவுன்சில் 70 பவுண்டு அபராதம் போட்டிருக்கிறது. இது செல்லுமா?

செல்லும். நீங்கள் எதிர்பார்த்த பதில் இதுவாக இருக்காது. இதே கேள்வியோடு நானும் ஒரு முறை நின்றிருக்கிறேன், அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

மகளைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் விடப் போயிருந்தேன். வாசலில் எங்கும் இடமில்லை. எதிர்ப்பக்கம் இரட்டை மஞ்சள் கோடு, அதற்கப்பால் ஒரு கார் அகலத்துக்குப் புல், அதற்கப்பால் நடைபாதை. ஏற்கெனவே இரண்டு கார்கள் புல்லில் நின்றன. நானும் ஏற்றினேன். டயர் கோட்டைத் தொடாதபடி பார்த்துப் பார்த்து நிறுத்தினேன். அரை மணி நேரம் கழித்து வந்தால் கண்ணாடியில் மஞ்சள் பிளாஸ்டிக் உறை. உள்ளே இருந்த சீட்டில் 01 என்ற குறியீடு, அதாவது தடை செய்யப்பட்ட தெருவில் தடை நேரத்தில் நிறுத்தியது. "தெருவிலா நிறுத்தினேன்? புல்லில்தானே?" என்று அன்றிரவே படங்களோடு கவுன்சிலுக்கு எழுதினேன். சில வாரத்தில் மறுத்துப் பதில் வந்தது. அதில் சொல்லியிருந்த காரணத்தைச் சரிபார்க்கத்தான் சட்டத்தையே படிக்க ஆரம்பித்தேன்.

நாம் எல்லோரும் செய்யும் தவறு, அந்தக் கோட்டை ஒரு வேலி மாதிரி நினைப்பது. கோட்டின் மேல் நிற்கக் கூடாது, தாண்டிவிட்டால் பரவாயில்லை என்று. உண்மையில் கோடு வெறும் அடையாளம்தான். தடை என்பது கவுன்சில் அந்தச் சாலைக்குப் போட்டிருக்கும் போக்குவரத்து ஆணையில் இருக்கிறது. அந்த ஆணை பேசுவது 'சாலை'யைப் பற்றி. சட்டத்தில் சாலை என்றால் தார் போட்ட பகுதி மட்டும் இல்லை. நடைபாதை, புல் எல்லாம் அதில் அடக்கம். ஆகவே கோடு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம், சாலையின் நடுவிலிருந்து பொதுச்சாலையின் எல்லை வரை, பெரும்பாலும் வீட்டு மதிலோ வேலியோ வரும் வரை, தடை உண்டு. லைசென்ஸுக்குப் படித்தோமே ஹைவே கோட் என்ற சாலை விதிப் புத்தகம், அதிலேயே இருக்கிறது: மஞ்சள் கோடுகளின் தடை வண்டிப்பாதை, நடைபாதை, புல்லோரம் மூன்றுக்கும் பொருந்தும். படித்தபோது என் கண்ணில் படவே இல்லை.

ஒற்றை மஞ்சள் கோட்டுக்கும் இதேதான். பக்கத்துக் கம்பத்துப் பலகையில் போட்டிருக்கும் நேரத்தில் புல்லிலும் நிற்கக் கூடாது. ஆட்களை ஏற்றி இறக்கலாம். சாமான் ஏற்றி இறக்கத் தனித் தடை இல்லாவிட்டால் அதையும் செய்யலாம்.

இன்னொன்று, நம் ஆட்கள் நிறைய பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். வீட்டுக்குள் கார் ஏறுவதற்காக நடைபாதையைத் தாழ்த்திச் சரிவாக்கியிருப்பார்கள். கேட்டுக்கு வெளியே இருக்கும் அந்தத் துண்டு நம் வீட்டு வாசல்தானே என்று காரைக் குறுக்கே விட்டுவிடுவோம். அது பொதுச்சாலையின் பகுதி. அதை ஒட்டிச் சாலையோரம் மஞ்சள் கோடு போனால் சொந்த வாசலிலேயே டிக்கெட் வரலாம்.

சரி, உங்களுக்கு வாய்ப்பே இல்லையா என்றால், ஒரு வழி இருக்கிறது. நீங்கள் நிறுத்திய புல் பொதுச்சாலையின் எல்லைக்குள் வருகிறதா என்று பாருங்கள். புல்லுக்கு அப்பால் நடைபாதை ஓடினால் யோசிக்கவே வேண்டாம், அது சாலையின் பகுதிதான். ஆனால் வேலிக்கு உட்புறமாகவோ, தனியார் கட்டட நிலத்திலோ நின்றிருந்தால் கதை வேறு. எல்லை எது என்று கவுன்சிலிடம் ஆவணம் இருக்கும், கேட்டால் வரைபடம் தருவார்கள். சீட்டை அனுப்பியது உண்மையில் கவுன்சில்தானா என்பதையும் படித்துப் பாருங்கள். கவுன்சில் தருவது பெனால்ட்டி சார்ஜ் நோட்டீஸ், தனியார் கம்பெனி தருவது பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ். சுருக்கினால் இரண்டுமே பிசிஎன். ஆனால் முறையிடும் வழி முற்றிலும் வேறு.

கோடே இல்லாத சாலையில் புல்லில் நிறுத்தலாமா என்று அடுத்து கேட்பீர்கள். லண்டனில் கூடாது. அங்கே 1974-ஆம் வருடச் சட்டம் ஒன்று, அனுமதிப் பலகை இல்லாத இடத்தில் ஒரு சக்கரம் நடைபாதையிலோ புல்லிலோ ஏறினாலும் தப்பு என்கிறது. லண்டனுக்கு வெளியே இங்கிலாந்தில் கார்களுக்கு அப்படிப் பொதுத் தடை கிடையாது, அந்தந்த இடத்துப் பலகையைத்தான் பார்க்க வேண்டும். 7.5 டன்னுக்கு மேற்பட்ட லாரி என்றால் பொதுவாக எங்குமே புல்லில் நிறுத்தக் கூடாது. கார் வழியை மறித்தால் போலீஸ் தலையிடலாம்.

தடை இல்லாத இடத்திலும் நான் இப்போது புல்லில் ஏற்றுவதில்லை. அந்தப் பள்ளிக்கு எதிரே ஜனவரி மாதம் போய்ப் பாருங்கள். சக்கரம் அழுத்திய இடத்தில் கணுக்கால் ஆழத்துக்குப் பள்ளம், அதில் சேற்றுத் தண்ணீர், அந்தச் சேறு நடைபாதை முழுக்க. சக்கரம் வைத்த நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பாட்டி தினமும் அந்த வழியாகக் கடைக்குப் போவார். ஒரு நாள் அந்தச் சேற்றில் சக்கரம் சிக்கி, அசைக்க முடியாமல் நின்றுவிட்டார். நானும் இன்னொரு அப்பாவும்தான் தூக்கிவிட்டோம். அந்தப் பள்ளத்தில் பாதி என் டயர் போட்டது என்று அவருக்குத் தெரியாது.

இனி உங்கள் விஷயம். சீட்டு தந்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் கட்டினால் பாதித் தொகை, 35 பவுண்டு. அந்த 14 நாட்களுக்குள்ளேயே ஆட்சேபம் எழுதினால், மறுத்தாலும் பாதித் தொகை சலுகையைப் பெரும்பாலும் மறுபடி தருவார்கள். எனக்குத் தந்தார்கள், கட்டினேன். கோடு அழிந்துபோயிருந்தது, எல்லை சந்தேகம் என்று உறுதியான காரணம் இருந்தால் மட்டும் மேலே போங்கள். அப்புறம் வண்டி உரிமையாளர் பெயருக்கு நோட்டீஸ் வரும், அதற்கு 28 நாட்களுக்குள் முறைப்படி மறுப்பு எழுத வேண்டும். அதையும் கவுன்சில் நிராகரித்தால், சுதந்திரமான தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு செய்யலாம், கட்டணம் இல்லை. லண்டனுக்கு வெளியே அது டிராஃபிக் பெனால்ட்டி டிரிப்யூனல். ஆனால் அந்தக் கட்டத்தில் பாதித் தொகை சலுகை போயிருக்கும்.

எழுதுவதாக இருந்தால் இன்றைக்கே போய்ப் படம் எடுத்துவிடுங்கள். கோடு, புல், நடைபாதை, மதில் எல்லாம் ஒரே படத்தில் வரும்படி எடுங்கள். நான் டயரை மட்டும்தான் எடுத்திருந்தேன்.