மார்பகக் குறைப்பு ஆபரேஷன்: அந்த ஆறு வாரம் யார் தண்ணீர் இறைப்பார்கள்?

கேள்வி: எனக்கு 41 வயது. மார்த்தாண்டம் பக்கம் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், பருப்புத் தோல் உரிக்கிற வேலை. மார்பகம் பெரிதாக இருப்பதால் பல வருடமாகக் கழுத்தும் தோளும் வலிக்கின்றன. பிரா பட்டை அழுத்தி இரண்டு தோளிலும் பள்ளம் விழுந்துவிட்டது. வேர்த்து வேர்த்து மார்புக்கு அடியில் புண் வருகிறது. நாட்டு வைத்தியர் ஆசானிடம் எண்ணெய் போட்டுத் தடவியும் பார்த்தேன், நிற்கவில்லை. திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர் ஆபரேஷன் செய்து குறைக்கலாம் என்கிறார். "இதுக்கெல்லாமா ஆபரேஷன்?" என்கிறார் மாமியார். எத்தனை நாளில் வேலைக்குப் போகலாம்? தழும்பு தெரியுமா? பின்னால் புற்றுநோய் வருமா?

பதில்: சகோதரி, தோளில் விழுந்த அந்தப் பள்ளமே உங்கள் மாமியாருக்குப் பதில். பாரத்தை எலும்பும் தசையும் நாள் முழுக்கச் சுமப்பதன் அடையாளம் அது. தடவினால் தசை கொஞ்ச நேரம் இளகும், பாரம் அப்படியே இருக்கும். அழகுக்காக மட்டும் செய்கிற ஆபரேஷன் இல்லை இது. கூச்சப்பட வேண்டியதும் இல்லை.

முதலில் புற்றுநோய் பயத்தைத் தீர்த்துவிடுவோம். இந்த ஆபரேஷனால் புற்றுநோய் வராது. 40 வயதைத் தாண்டிவிட்டதால் முன்கூட்டியே மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கச் சொல்வார்கள். வெட்டி எடுக்கிற சதையையும் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் மேமோகிராம் எடுக்கப் போனால் இந்த ஆபரேஷன் நடந்ததைச் சொல்லிவிடுங்கள், உள்தழும்புகள் படத்தில் வேறு மாதிரி தெரியும்.

முழு மயக்கம் கொடுத்து இரண்டு முதல் நான்கு மணி நேரம் செய்வார்கள். அதிகப்படியான கொழுப்பு, சுரப்பி, தோல் மூன்றையும் எடுத்துவிட்டு, காம்பை ரத்த ஓட்டம் அறுபடாமல் ஒரு சதைத் தண்டோடு மேலே நகர்த்தித் தைப்பார்கள். தழும்பு கட்டாயம் இருக்கும். காம்பைச் சுற்றி ஒரு வட்டம், அதிலிருந்து கீழே ஒரு கோடு, மார்பின் மடிப்பில் ஒரு கோடு, மொத்தத்தில் நங்கூரம் போல. துணிக்குள் மறைந்துவிடும். மூன்று நான்கு மாதம் சிவந்து தடித்துத் தெரியும், பிறகு மெல்ல மங்கும். முழுசாக அடங்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். உங்கள் இடது தோளில் சின்ன வயதில் போட்ட பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பு) ஊசித் தழும்பைப் பாருங்கள். காது குத்திய இடத்தையும் தொட்டுப் பாருங்கள். அவை தடித்துப் புடைத்திருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். உங்கள் தோல் எப்படி ஆறும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

காம்பில் உணர்ச்சி சில மாதங்கள் மரத்திருக்கலாம். சிலருக்கு நிரந்தரமாகவே குறைந்துவிடும். பாலூட்டும் திறனும் குறையலாம் என்பதால், இன்னும் குழந்தை வேண்டும் என்றிருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

உங்கள் வேலையில் வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள் உண்டு. உங்களுக்கும் அந்தப் பழக்கம் இருந்தால் ஆபரேஷனுக்கு நாலு வாரம் முன்பே நிறுத்துங்கள், பிறகும் நாலு வாரம் தொடாதீர்கள். புகையிலையில் இருக்கிற நிகோடின் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். காம்பு பிழைப்பதே அந்தக் குழாய்களை நம்பித்தான். சர்க்கரை இருந்தால் அதையும் கட்டுக்குள் கொண்டு வந்த பிறகே தேதி குறிக்க வேண்டும்.

பெரும்பாலும் ஓர் இரவோ இரண்டு இரவோ ஆஸ்பத்திரியில் இருப்பீர்கள். ரத்தக் கசிவு வெளியேற டியூப் வைத்திருந்தால் ஓரிரு நாளில் எடுத்துவிடுவார்கள். வலி பலர் பயப்படுகிற அளவுக்கு இருக்காது, இறுக்கமும் கனமும்தான் அதிகம். ஊருக்குத் திரும்பும்போது பஸ் வேண்டாம். கூட்டத்தில் மேலே கம்பியைப் பிடித்து நிற்கிற அந்த ஒரு அசைவு போதும், தையல் இழுபடும். கார் ஏற்பாடு செய்து, சீட் பெல்ட்டுக்கும் மார்புக்கும் நடுவில் ஒரு துண்டை மடித்து வையுங்கள்.

அப்புறம் வருவதுதான் நான் அதிகம் கவலைப்படுகிற பகுதி. ஆபரேஷனைவிட வீட்டு வேலைதான் நம் பெண்களின் தையலைப் பிரிக்கிறது. முதல் இரண்டு வாரம் முழங்கை தோளுக்கு மேலே போகக் கூடாது. தலை பின்னவே ஆள் வேண்டும். ஆறு வாரத்துக்குக் கிணற்றில் தண்ணீர் இறைப்பது, சோற்றுப் பானையைத் தூக்கி வடிப்பது, தேங்காய் துருவுவது, முற்றம் கூட்டுவது எதுவும் கூடாது. தேங்காய் துருவுவது லேசான வேலை என்றுதான் தோன்றும். ஒரு மூடியை எடுத்துத் துருவுவது போல அசைத்துப் பாருங்கள், மார்புத் தசை எப்படி இறுகுகிறது என்று தெரியும். கணவரையும் பிள்ளைகளையும் உட்காரவைத்து யார் என்ன செய்வது என்று பேசி முடித்த பிறகு தேதி வாங்குங்கள். மாமியாரையும் அந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்து செய்கிற லேசான வேலைக்கு இரண்டு மூன்று வாரத்தில் போகலாம். உங்கள் வேலை உட்கார்ந்துதான், ஆனால் நாள் முழுக்கக் குனிந்து இரண்டு கையும் ஓயாமல் ஓடுகிற வேலை. நான்கு வாரம் லீவு கேளுங்கள். திரும்பிய பிறகும் மூட்டை தூக்குவதை ஆறு வாரம் முடியும்வரை வேறொருவர் பார்க்கட்டும்.

இரவும் பகலும் கம்பியில்லாத, முன்பக்கம் கொக்கி வைத்த இறுக்கமான பிரா போடச் சொல்வார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது நனைந்துகொண்டே இருக்கும். இரண்டு மூன்று வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். மல்லாந்து, தலையணை வைத்து உயர்த்திப் படுங்கள். மீன் தின்றால் சீழ் வைக்கும் என்று யாராவது தடுப்பார்கள். கேட்காதீர்கள். காயம் ஆறப் புரதம் வேண்டும். மீன், முட்டை, பயறு எல்லாம் சாப்பிடுங்கள். ஆசானின் தைலத்தை மட்டும் டாக்டர் சம்மதிக்கும்வரை காயத்தின் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

இரண்டாவது மூன்றாவது வாரத்தில், கோடுகள் சந்திக்கிற இடத்தில் தோல் லேசாகப் பிரியலாம். பார்க்கப் பயமாக இருக்கும். டாக்டரிடம் காட்டினால் பெரும்பாலும் கட்டுப் போட்டே ஆறிவிடும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கிக் கல்லாக இறுகினால், காம்பு கருத்தால், காய்ச்சலோடு சீழ் வந்தால், கெண்டைக்கால் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே ஆபரேஷன் செய்த டாக்டரைக் கூப்பிடுங்கள். மூச்சுத் திணறினால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியோ வேறு பெரிய ஆஸ்பத்திரியோ, எது பக்கமோ அங்கே போய்விடுங்கள்.

தோள் பாரம் குறைவது பலருக்கு முதல் சில வாரத்திலேயே தெரிந்துவிடும். அடிப்புண்ணும் பெரும்பாலும் திரும்பாது. ஆனால் குனிந்து வேலை செய்வதால் வருகிற கழுத்து வலி முழுசாகப் போய்விடும் என்று நான் சொல்ல மாட்டேன். கை மரத்துப் போவதும் இருந்தால் கழுத்தெலும்பையும் பரிசோதிக்க வேண்டும்.

இன்சூரன்ஸ் இருந்தால் கவனியுங்கள். அழகு சிகிச்சை என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். தோள் பள்ளத்தையும் அடிப்புண்ணையும் போட்டோ எடுத்து, இதுவரை வாங்கிய மருந்துச் சீட்டுகளோடு சேர்த்து வையுங்கள். மருத்துவக் காரணத்துக்காகத்தான் செய்கிறோம் என்று டாக்டரிடம் எழுதி வாங்கி, ஆபரேஷனுக்கு முன்பே கம்பெனியின் அனுமதியைக் கேளுங்கள்.