சிறுபீளை இருக்கட்டும், அந்த மாத்திரை வேண்டாம்

கேள்வி: வயது 42. வள்ளியூர் பக்கம் கல் குவாரியில் லாரி ஓட்டுகிறேன். போன சித்திரையில் 5 மி.மீ. கல் ஒன்று தானாக வெளியேறியது. கால்சியம் ஆக்சலேட் கல் என்றார்கள். திரும்ப வராமலிருக்க அம்மா சிறுபீளைக் கஷாயமும் வாழைத்தண்டுச் சாறும் தருகிறார். நண்பர் ஒருவர் ஆன்டிஆக்சிடன்ட் நல்லது என்று 1000 மி.கி. வைட்டமின் சி மாத்திரை வாங்கிக் கொடுத்தார். எல்லாம் சாப்பிடலாமா?

பதில்: முதலில் மாத்திரையை நிறுத்துங்கள். நண்பர் சொன்னதில் பாதி சரிதான். கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகும் உப்பான ஆக்சலேட் மிகும்போது சிறுநீரக நுண்குழாய்களின் உட்சுவர் புண்படுகிறது. புண்பட்ட இடத்தில் படிகங்கள் எளிதாக ஒட்டிக்கொள்ளும். ஆன்டிஆக்சிடன்ட் அந்தப் புண்ணைக் குறைப்பதை எலிகளிடம் பார்த்திருக்கிறார்கள். ஆனால் வைட்டமின் சி-யின் ஒரு பகுதி உடம்புக்குள் ஆக்சலேட்டாகவே மாறிவிடும். அதாவது கல்லுக்கு நாமே சரக்கு கொடுக்கிறோம். சுவீடனில் ஆண்களைப் பல ஆண்டுகள் கவனித்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கல் வந்தது ஏறக்குறைய இரண்டு மடங்கு. நெல்லிக்காயோ கொய்யாவோ ஒன்றிரண்டு தின்பதில் பயமில்லை. தினமும் டம்ளர் டம்ளராக நெல்லிச் சாறு வேண்டாம். பக்கத்துக் கேரளத்தில் கொழுப்பு குறையும் என்று பிலிம்பிக்காய் என்ற புளிப்புக் காயின் சாற்றைக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து படுத்தவர்கள் உண்டு. அதற்கும் காரணம் ஆக்சலேட்தான்.

அம்மாவின் கஷாயத்துக்கு வருவோம். சிறுபீளை, நெருஞ்சில், வாழைத்தண்டு மூன்றுக்கும் விலங்கு ஆய்வுகளில் நல்ல பெயர். கீழாநெல்லி இனத்தை மனிதர்களிடமும் சோதித்திருக்கிறார்கள், அதுவும் சிறிய ஆய்வுகளில். என் கணிப்பில், கஷாயத்தின் பலனில் பெரும்பங்கு அதோடு உள்ளே போகும் தண்ணீருடையது. குடியுங்கள், தப்பில்லை. சரக்கையும் அளவையும் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாமல் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு கூடியவர்களுக்கு மட்டும் வாழைத்தண்டும் இளநீரும் ஆகாது, பொட்டாசியம் ஏறும்.

உங்கள் விஷயத்தில் உண்மையான மருந்து தண்ணீர். வண்டியை நிறுத்த முடியாதே என்று குடிக்காமல் ஓட்டுவீர்கள். குவாரி வெயில் மீதி ஈரத்தையும் உறிஞ்சிவிடும். இத்தாலியில் முதல்முறை கல் வந்தவர்களை 5 ஆண்டுகள் கவனித்தார்கள். தினமும் 2 லிட்டருக்கு மேல் சிறுநீர் போகும்படி தண்ணீர் குடித்தவர்களில் 12 சதவீதத்தினருக்கும், வழக்கம்போல் இருந்தவர்களில் 27 சதவீதத்தினருக்கும் திரும்பக் கல் வந்தது. உங்களுக்கு நாளுக்கு 3 லிட்டருக்குக் குறையக் கூடாது, கோடையில் இன்னும் கூட. சிறுநீர் வெளுப்பாகப் போனால் சரி. படுக்கப்போகும் முன்பும் ஒரு டம்ளர். எலுமிச்சம்பழத்தை உப்புப் போடாமல் பிழிந்து குடியுங்கள். அதிலுள்ள சிட்ரேட் கல் கட்டுவதைத் தடுக்கும்.

கால்சியம் கல் என்றதும் பாலையும் மோரையும் விட்டுவிடுகிறார்கள். அது தவறு. சாப்பாட்டோடு சேரும் கால்சியம், ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றிவிடும். குறைக்க வேண்டியது உப்பை: கருவாடு, ஊறுகாய், அப்பளம். ஆக்சலேட் மிகுந்த தண்டுக்கீரையை வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கச் சொல்லுங்கள்.

ஆறு மாதத்தில் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். விலா வலியோடு குளிர்காய்ச்சல் வந்தாலோ சிறுநீர் கட்டிக்கொண்டாலோ கஷாயம் வைத்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.