ஊர், பிரதேச சபை, மாகாணம், நாடு: எந்த மட்டத்தில் ஒருவர் உண்மையில் பிரஜை ஆகிறார்?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் குடியியற் கல்விக்கு ஒப்படை எழுதும் பிள்ளையாக இருக்க வேண்டும். வகுப்பில் வட்டத்துக்குள் வட்டம் வரைந்து காட்டியிருப்பார்கள். நடுவில் குடும்பம், அடுத்தது ஊர், பிறகு பிரதேசம், மாகாணம், கடைசியில் நாடு. சின்ன வட்டத்தில் பழகிக்கொண்டு பெரிய வட்டத்துக்குப் போகிறோம் என்று சொல்லித் தந்திருப்பார்கள். பரீட்சைக்கு அதையே எழுதுங்கள், புள்ளி கிடைக்கும். ஆனால் மலையகத்தில் இது தலைகீழாக நடந்தது. எங்களுக்கு நாடு முதலில் கிடைத்தது. ஊர் இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை. நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் இந்தக் கேள்வியைக் கடந்து போக முடியவில்லை.

முன்கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1931 இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது, இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களான தோட்ட மக்களில் ஒரு பகுதியினருக்கும் வாக்கு இருந்தது. 1947 தேர்தலில் எங்கள் மக்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. அடுத்த வருடமே 1948 இன் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இங்கே பிறந்ததை, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பிறந்தவர்களின் பாட்டனுக்கு யார் பிறப்புச் சான்றிதழ் எழுதி வைத்தார்கள்? 1949 இல் வாக்கும் போனது. 1952 தேர்தலில் எங்கள் மத்தியிலிருந்து ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. அதன் பிறகு 1977 இல் நுவரெலியா மஸ்கெலியா தொகுதியில் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் வெல்லும்வரை அதே நிலைதான். இடையில் 1964 இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டுப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதிப் பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று விட்டார்கள். 1974 இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். என் தாத்தாவின் தம்பி குடும்பம் அப்படித்தான் தமிழ்நாட்டில் கோத்தகிரிப் பக்கம் போனது. நாங்கள் இருந்துவிட்டோம். 1986, 1988, 2003 ஆம் ஆண்டுகளில் வந்த சட்டங்களால் படிப்படியாக எல்லோருக்கும் பிரஜாவுரிமை கிடைத்தது. என் அப்பாயி, அப்பாவின் அம்மா, தலை நரைத்த பிறகுதான் முதல் வாக்கைப் போட்டார்.

இனி, வாக்குக் கிடைத்த பிறகு நடந்ததைப் பாருங்கள். அப்பாயி நாட்டின் ஜனாதிபதியைத் தெரிவு செய்தார். ஆனால் அவர் கொழுந்துக் கூடையோடு நடந்த பாதையில் ஒரு கல்லைப் போட பிரதேச சபைக்கு அதிகாரம் இல்லை என்றார்கள். 1987 இன் பிரதேச சபைச் சட்டத்தில் 33 ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைக் காசைச் செலவழிக்க முடியாது என்று வருடக்கணக்காகச் சொல்லி வந்தார்கள். அதே சபைக்கு உறுப்பினரைத் தெரிவு செய்ய மட்டும் எங்கள் வாக்கு வேண்டும். 2018 இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, தோட்ட நிர்வாகத்தோடு பேசிக்கொண்டு உள்ளேயும் வேலை செய்யலாம் என்று வந்தது. அதே வருடம் நடந்த உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன்பாக, ஒவ்வொன்றிலும் 2 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்த அம்பகமுவ, நுவரெலியா பிரதேச சபைகளைப் பிரித்து நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை சபைகளையும் அமைத்தார்கள். நாட்டின் பிரஜை ஆனதற்கும் பிரதேச சபையின் பிரஜை ஆனதற்கும் நடுவில் எங்கள் வீட்டில் ஒரு தலைமுறை கடந்துவிட்டது.

சட்டம் திருந்தினால் எல்லாம் திருந்திவிடும் என்று யாராவது சொன்னால் அவர்களுக்காக எங்கள் டிவிஷன் (தோட்டத்தின் ஒரு பிரிவு) பாலத்தின் கதையைச் சொல்கிறேன். தோட்டத்தின் பெயரையும் சபையின் பெயரையும் எழுதவில்லை. அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

மெயின் ரோட்டிலிருந்து மேல் டிவிஷனுக்கு ஏறும் வழியில் ஓர் ஓடை. அதன் மேல் வெள்ளைக்காரத் துரை காலத்தில் கட்டிய சின்னப் பாலம். ஒரு மழைக்காலத்தில் அதன் ஒரு பக்கம் சரிந்துபோனது. ஆட்டோ கீழேயே நின்றுவிடும். அரிசி மூட்டையும் கேஸ் சிலிண்டரும் தலையில் ஏறும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்பியுலன்ஸைக் கூப்பிட்டால் அவர்கள் உடனே வந்துவிடுவார்கள், ஆனால் ஓடைக்கு இந்தப் பக்கம்தான் நிற்க முடியும். நோயாளியை நாங்கள்தான் இறக்கிக்கொண்டு வர வேண்டும். தோட்டத்தில் உள்ள தொழிற்சங்கத் தலைவரிடம் கேட்டோம், சங்கத்துக்கு எழுதியாச்சு என்றார். தோட்ட ஆபீஸில் கேட்டோம், இந்த வருடக் கணக்கில் காசு ஒதுக்கவில்லை, சபையிடம் கேளுங்கள் என்றார்கள். சபையில் கேட்டோம், அது தோட்டப் பாதை, நிர்வாகத்துக்குக் கடிதம் போட்டிருக்கிறோம், பதில் வரவில்லை என்றார்கள். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். யாரும் விரட்டவில்லை. ஆனால் பாலம் அப்படியே கிடந்தது.

நான் அப்போது டவுனில் ஒரு கணினி நிலையத்தில் வேலை செய்தேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பற்றி அங்கே வந்த ஓர் ஆசிரியர் சொன்னார். 2016 இன் 12 ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறைக்கு வந்தது. அரச நிறுவனங்களிடமிருந்து தகவல் கேட்கும் உரிமையை அது பிரஜைகளுக்குத் தருகிறது. அன்று இரவே உட்கார்ந்து மூன்று கேள்வி எழுதினேன். இந்தப் பாதை சபையின் பாதைப் பட்டியலில் இருக்கிறதா? இதற்கு இதுவரை ஏதாவது செலவழித்திருக்கிறீர்களா? தோட்ட நிர்வாகத்துக்கு அனுப்பியதாகச் சொன்ன கடிதத்தின் பிரதியைத் தர முடியுமா?

விண்ணப்பத்தைக் கொடுக்கப் போனபோது மேசையில் இருந்தவர் வாசித்துவிட்டு நிமிர்ந்து, "எந்த சங்கத்திலிருந்து வந்திருக்கீங்க தங்கச்சி?" என்று கேட்டார்.

"சங்கத்திலிருந்து இல்லங்க ஐயா. நானாத்தான் வந்தேன்."

"தலைவர் யாரும் கூட வரலயா?"

"பிரஜை யார் வேணும்னாலும் கேட்கலாம்னு சட்டத்துல இருக்கு ஐயா. என் அடையாள அட்டை நம்பர் போட்டிருக்கேன்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. எங்கள் பக்கத்தில் யாரும் தனியாக வந்து நின்று அவர் பார்த்ததில்லை. சங்கம் வரும், தலைவர் வருவார், தேர்தல் காலத்தில் கட்சி வரும். லயத்திலிருந்து ஒருத்தி, அதுவும் கல்யாணமாகாத பெண், தன் பெயரைப் போட்டு ஒரு தாளை நீட்டுவது அந்த மேசைக்குப் புதிது. உங்கள் கேள்விக்கு என் பதில் என்ன என்று யாராவது கேட்டால் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். பிறந்ததிலிருந்து நான் இலங்கைப் பிரஜை. ஆனால் அந்தச் சபைக்கு நான் பிரஜையானது அந்தத் தாளை அவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்ட நேரத்தில்தான்.

பதில் வந்தது, சிங்களத்தில். நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலாளர் பிரிவுகள் 1999 இலேயே இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டவை. அதைக் குறிப்பிட்டுத் தமிழில் தரும்படி திரும்ப எழுதினேன். தந்தார்கள். பாதை பட்டியலில் இல்லை, செலவு எதுவும் இல்லை, கடிதம் அனுப்பியதற்கான பதிவு கோவையில் இல்லை. அத்தனை மாதம் எல்லோரும் பதிலுக்குக் காத்திருந்த அந்தக் கடிதத்தை யாருமே எழுதவில்லை.

அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. அந்தத் தாளின் போட்டோப் பிரதியைக் கோயிலில் வைத்து எல்லோருக்கும் வாசித்துக் காட்டினோம். வட்டார உறுப்பினரை வரச் சொல்லி அதைக் கையில் கொடுத்தோம். அவர் சபையில் பேசினார், நிர்வாகத்துக்கு நிஜமாகவே கடிதம் போனது, தோட்டத்தை நடத்தும் துரை சம்மதம் கொடுத்தார். ஹியூம் பைப் போட்டு, கொங்கிரீட் போட்டுப் பாலம் எழும்பியது. பாலத்துக்கு மேலே உள்ள பாதை இன்னும் கல்லும் சேறும்தான். அந்த உறுப்பினர்களின் காலம் 2023 மார்ச்சில் முடிந்து, 2025 மே தேர்தல் வரை சபையில் தெரிவான ஆளே இல்லாமல் போனதால் அந்தக் கோரிக்கை அப்படியே நின்றது. மாகாண மட்டத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. மத்திய மாகாண சபையின் காலம் 2018 இல் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தலே வைக்கவில்லை. கேட்க ஆளில்லாத இடத்தில் பிரஜையாக இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

சிலர் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். தொழிற்சங்கங்களைக் குறை சொல்கிறாய் என்பார்கள். இல்லை. சங்கங்கள் இல்லாவிட்டால் பிரஜாவுரிமையே வந்திருக்காது, என் அப்பாவும் சங்கத்து ஆள்தான். ஆனால் சங்கம் தொழிலாளிக்காகப் பேச அமைந்தது. இன்று லயத்தில் இருப்பவர்களில் எத்தனையோ பேர் தோட்டத்தில் பேர் பதிந்தவர்கள் இல்லை. கொழும்பில் கடையில் நிற்கிறார்கள், டவுனில் தைக்கிறார்கள், வீட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பாதை உடைந்தால் எந்தத் தலைவர் பேசுவார்? இன்னும் சிலர், காணி உறுதியே இல்லாதவர்களுக்குப் பிரஜை பேச்சு எதற்கு, முதலில் காணியைக் கேள் என்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 7 பேர்ச்சஸ் காணியும் உறுதியும் எங்கள் வீட்டுக்கும் வேண்டும். அது வரும்வரை பாலம் உடைந்தே கிடக்கட்டும் என்று என்னால் இருக்க முடியாது.

இன்னொரு வட்டம் இருக்கிறது, அது உங்கள் படத்தில் இருக்காது. பிரதேச சபைக்கும் கீழே, லயத்துக்குள். என் அம்மா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்தெடுத்தார். சம்பளத் துண்டில் சங்கச் சந்தா, கோயில் காசு, மரண உதவிச் சங்கம், டோபி காசு எல்லாம் கழியும். சபைக்கு வரி கட்டுவதில்லை என்று எங்களைச் சொல்வார்கள், ஆனால் அம்மா தன் வாழ்நாள் முழுக்க ஒரு ஊருக்கு வரி கட்டியவர். அந்தக் காசில் தேர் இழுப்பதா, கோபுரத்துக்குப் பெயின்ட் அடிப்பதா, மண்டபத்துக்குத் தகரம் போடுவதா என்று முடிவெடுக்கும் கமிட்டியில் ஒரு பெண்கூட இருந்ததில்லை. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கூட்டத்தில் அவர்கள் பின்னால் பாயில் இருப்பார்கள். உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீதம் என்று நாடு சட்டம் போட்டுவிட்டது, எங்கள் கோயில் கமிட்டிக்கு அது வந்து சேரவில்லை. பாலம் முடிந்த பிறகு நடந்த கூட்டத்தில் கணக்கு வாசித்து முடித்ததும் அம்மா எழுந்து, "கழிச்ச காசுக்கு ரசீதுப் புத்தகத்த நாங்களும் பார்க்கணும்" என்றார். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தலைவர் "பார்க்கலாம்க்கா, பார்க்கலாம்" என்றார். அடுத்த திருவிழாவுக்குக் கமிட்டியில் இரண்டு பெண்களைச் சேர்த்தார்கள், பொங்கல் வேலைக்கு என்று. ரசீதுப் புத்தகம் இன்னும் வரவில்லை. அம்மா ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் போக மனமில்லை. எங்களுக்குக் கடிதம் வீட்டுக்கு வருவதில்லை. முழு டிவிஷனுக்கும் ஒரே முகவரி, எல்லாம் தோட்ட ஆபீஸுக்குப் போய், அங்கிருந்து யார் கையிலாவது கிடைத்து வரும். நான் உயர்தரம் முடித்த வருடம் ஒரு அரச பயிற்சி நெறிக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்திருக்கிறது. திகதி முடிந்த பிறகுதான் என் கைக்குக் கிடைத்தது. ஆபீஸில் கேட்டால், அனுப்பிவிட்டோமே என்றார்கள். எந்த நாளில் யார் கையில் என்று ஒரு பதிவும் இல்லை. அந்த நெறியில் சேர்ந்த என் தோழி இன்று அரச உத்தியோகத்தில் இருக்கிறாள். அவளுக்கு டவுனில் வீட்டு இலக்கம் இருந்தது. சபைக்கு விண்ணப்பம் எழுதியபோது நான் லயத்து முகவரியைக் கொடுக்கவில்லை, டவுனில் கடை வைத்திருக்கும் மாமாவின் முகவரியைத்தான் கொடுத்தேன். வாக்காளர் இடாப்பில் பெயர் ஏறிய ஒரு சமூகத்துக்கு வீட்டு வாசலில் ஒரு கடிதம் வந்து சேர வைப்பது அவ்வளவு கடினமா?

நீங்கள் ஒப்படைக்காக மட்டும் கேட்டிருந்தால் மேலே உள்ள வருடங்களும் சட்ட இலக்கங்களும் போதும். உங்கள் ஊரிலும் இப்படி ஏதாவது உடைந்து கிடந்தால், விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, தமிழிலேயே எழுதலாம், எழுத முடியாதவர்கள் வாயால் சொன்னாலும் தகவல் அதிகாரி எழுதிக்கொள்ள வேண்டும். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். கொடுத்ததற்கு ஒப்புகைத் துண்டைக் கேட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம். நான் எழுதிய விண்ணப்பத்தின் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது, வேண்டுமென்றால் பெயர்களை எடுத்துவிட்டு அனுப்பித் தருகிறேன்.