ஆங்கிலச் சொற்களின் முன்னும் பின்னும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறேன். எதிர்ப்பொருள் தரும் முன்னொட்டுகளை அட்டவணையாகப் பாடமாக்கியும் குழப்பம் தீரவில்லை. ‘ஏபிள்’ என்பதன் எதிர்ச்சொல் ‘அன்ஏபிள்’ என்றால், அதன் பெயர்ச்சொல் மட்டும் ஏன் ‘இன்எபிலிட்டி’ ஆகிறது?
- மாணவி, வெள்ளவத்தை

பதில்: அட்டவணையில் பிழை இல்லை, சொற்கள் எங்கிருந்து வந்தன என்பதை அது சொல்லாமல் விடுவதுதான் குறை. ‘அன்’ என்பது ஆங்கிலம் தன் ஜெர்மானிய முன்னோரிடமிருந்து பெற்ற சொந்த முன்னொட்டு. ‘இன்’ என்பதோ லத்தீனுக்குரியது. பெரும்பாலும் பிரெஞ்சு வழியாக, முழுச் சொற்களோடு சேர்ந்தே ஆங்கிலத்துக்குள் வந்தது. சொந்த முன்னொட்டான ‘அன்’ காலப்போக்கில் பிறமொழியிலிருந்து வந்த பெயரடைகளோடும் தாராளமாக ஒட்டிக்கொண்டதால், ‘ஏபிள்’ பிரெஞ்சு வழி வந்த சொல்லாக இருந்தும் ‘அன்ஏபிள்’ நிலைத்தது. ஆனால் பெயர்ச்சொல்லை ஆக்கும் ‘இட்டி’ லத்தீன் வழிப் பின்னொட்டு ஆகையால், அது வரும் சொற்களின் முன்னால் ‘இன்’ நிற்பதையே அதிகம் காண்பீர்கள்: அன்ஸ்டேபிள் - இன்ஸ்டெபிலிட்டி, அன்ஈக்குவல் - இன்ஈக்குவாலிட்டி. ஆங்கிலத்தின் சொந்தப் பின்னொட்டான ‘நெஸ்’ வந்தால் ‘அன்’ அப்படியே தங்கிவிடும்: அன்ஹெப்பினெஸ், அன்கைன்ட்னெஸ். ‘அன்பொப்பியுலரிட்டி’ போன்ற சொற்கள் இதற்கு அடங்காதவை. ஆகவே இதை விதியாக அல்லாமல் வழிகாட்டியாகக் கொள்ளுங்கள்.

இது தமிழருக்குப் புதிய நிலைமையும் அன்று. வடமொழியின் ‘அ’வைச் சுத்தம், நீதி போன்ற வடசொற்களின் முன்னால் வைத்து அசுத்தம், அநீதி என்கிறோம், ஆனால் தூய்மையின் முன்னால் அதை வைக்க எவருக்கும் நா எழாது, தூய்மையின்மை என்றே சொல்வோம். இன்னும் சுவையான செய்தி, ஆங்கிலத்தின் ‘அன்’, லத்தீனின் ‘இன்’, நம்முடைய அநாவசியத்தின் முதலில் நிற்கும் வடமொழி ‘அன்’ ஆகிய மூன்றும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலத்திலிருந்து கிளைத்தவை என்பதாகும்.

அட்டவணையில் ‘இம்’, ‘இல்’, ‘இர்’ என்று தனித்தனியாக இருப்பவற்றையும் வேறு வேறு முன்னொட்டுகள் என்று எண்ண வேண்டாம். அவை ‘இன்’ என்பதன் திரிபுகளே. மரம் என்பதோடு கள் சேரும்போது மகரம் ஙகரமாகி மரங்கள் என்று வருவதுபோல, லத்தீனிலும் அடுத்து வரும் ஒலிக்கேற்ப ‘இன்’ திரிந்து இம்பொசிபிள், இல்லீகல், இர்ரெகுலர் என்றானது. ‘அன்’ இவ்வாறு எழுத்தில் திரிவதில்லை. ‘அன்பிளெசன்ட்’ என்பதில் பகர ஒலி தொடர்ந்தும் அது மாறாமலே இருக்கிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் அட்டவணையில் பாதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

கேள்வி: பெற்றோல் பவுசர்களின் பின்புறத்தில் சிலவற்றில் ‘ஃபிளேமபிள்’ என்றும் சிலவற்றில் ‘இன்ஃபிளேமபிள்’ என்றும் எழுதியிருக்கிறதே, இரண்டும் எதிர்ச்சொற்களா?
- வாசகர், தெஹிவளை

பதில்: இல்லை, இரண்டுக்கும் ‘எளிதில் தீப்பற்றக்கூடியது’ என்பதே பொருள். லத்தீனில் ‘இன்’ என்ற உருவில் இரண்டு முன்னொட்டுகள் உண்டு: ஒன்று எதிர்மறை, மற்றது ‘உள்ளே’ என்ற பொருளுடையது. இச்சொல்லில் இருப்பது இரண்டாவது. எதிர்மறை என்று நினைத்து எவரேனும் அருகில் நெருப்பைக் கொண்டுபோய்விடக்கூடும் என்ற அச்சத்தால், அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் 1920களில் ‘ஃபிளேமபிள்’ என்பதையே பயன்படுத்துமாறு வற்புறுத்தியது. எச்சரிக்கைப் பலகைகளைப் பொறுத்தவரை அது நல்ல முடிவு என்பதே என் எண்ணம். இடையில் ஒரு செய்தி: நாம் நாள்தோறும் சொல்லும் ‘பவுசர்’ என்பதும் முன்னர் ஓர் ஆளின் பெயர்தான். 1885இல் எரிபொருள் பம்பிகளை விற்கத் தொடங்கிய அமெரிக்கரான சில்வேனஸ் பவுசரின் பெயரே நிறுவனத்துக்கும், பிறகு எரிபொருள் ஏற்றிச் செல்லும் வண்டிக்கும் ஆயிற்று.

கேள்வி: ஒட்டுகளைச் சேர்த்தால்தான் ஆங்கிலத்தில் புதுச்சொல் பிறக்குமா?
- வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: வெட்டினாலும் பிறக்கும். ‘பஸ்’ அதற்கு வேடிக்கையான சான்று. ‘அனைவருக்கும்’ என்று பொருள்படும் ‘ஒம்னிபுஸ்’ என்ற லத்தீன் சொல், 1829இல் லண்டனில் ஓடத் தொடங்கிய குதிரை வண்டிக்குப் பெயராயிற்று. அதில் ‘அனைவர்’ என்ற பொருளைத் தாங்கியிருந்த முற்பகுதி உதிர்ந்துபோக, வெறும் வேற்றுமை உருபின் கடைசித் துண்டு மட்டும் எஞ்சி, இன்று காலி வீதியெங்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. சில வேளைகளில் பின்னொட்டு என்று தவறாக எண்ணிப் பின்புறத்தைக் கழற்றிப் புது வினை ஆக்குவார்கள். ‘எடிட்டர்’ முதலில் தோன்றி, அதிலிருந்து பிறகு ‘எடிட்’ என்ற வினை வந்தது அப்படித்தான். இரண்டு சொற்களைக் கலந்து ஒன்றாக்குவதும் உண்டு: ‘ஸ்மோக்’, ‘ஃபொக்’ என்பவை கலந்து ‘ஸ்மொக்’.

நம் நாட்டின் பெயரே ஒரு சொல்லாகியிருக்கிறது. இலங்கையின் பழைய பெயர்களுள் ஒன்றான ‘செரண்டிப்’ என்பதோடு ‘இட்டி’யைச் சேர்த்து, தேடாமலே நல்லதைக் கண்டடையும் பேற்றுக்கு ‘செரண்டிப்பிட்டி’ என்ற பெயரை ஆங்கில எழுத்தாளர் ஹொரஸ் வோல்போல் 1754 ஜனவரி 28ஆம் திகதியிட்ட கடிதமொன்றில் அமைத்தார். மேலே சொன்ன லத்தீன் பின்னொட்டு ஓர் ஆசிய ஊர்ப்பெயரோடும் தயங்காமல் ஒட்டிக்கொண்டதைக் கவனியுங்கள்.

கேள்வி: கூட்டத்தை முற்படுத்தியதாக ‘பிரீபோன்’ என்று மின்னஞ்சலில் எழுதினேன். அப்படியொரு சொல்லே இல்லை என்கிறார் மேலாளர்.
- அலுவலர், கொழும்பு கோட்டை

பதில்: இருக்கிறது. ‘போஸ்ட்போன்’ என்பதிலுள்ள ‘பின்’ என்ற முன்னொட்டை நீக்கி ‘முன்’ என்பதை வைத்தது முறையான சொல்லாக்கமே. ஒக்ஸ்ஃபோர்ட் அகராதியும் அதை இந்திய வழக்கு என்று குறித்து ஏற்றிருக்கிறது. ஆயினும் தெற்காசியாவுக்கு வெளியே பலருக்கு அது புரியாது. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதும்போது ‘பிரிங் ஃபோர்வர்ட்’ என்பதையே பயன்படுத்துங்கள்.