“முதலில்” யார் கொடுப்பது?

மதுரை வாசகி ஒருவரின் நீண்ட கடிதம். சுருக்கம் இது:

“மணமாகி ஒன்பது வருடம். ஏழு வயதில் ஒரு மகள். மாமியார், நாத்தனார் கொடுமை தாங்காமல் இரண்டரை வருடமாக அம்மா வீட்டில் இருக்கிறேன். 2023இல் மகளிர் காவல் நிலையத்தில் கொடுத்த புகாரில் 498ஏ (கணவர் வீட்டார் கொடுமை) வழக்கு நடக்கிறது. அவரோ என் மேல் கொடுமை சாட்டி விவாகரத்து கேட்டிருக்கிறார். குடும்ப நல நீதிமன்றம் எங்களைச் சமரச மையத்துக்கு அனுப்பியது. 25 லட்சமும், இருவர் பேரிலும் உள்ள ஃபிளாட்டில் தன் பாதியும் தருகிறாராம். ஃபிளாட்டுக்கு வங்கிக் கடன் பாக்கி இருக்கிறது. ஆனால் முதலில் நான் போலீஸ் கேஸை வாபஸ் வாங்க வேண்டுமாம். தப்பே செய்யாத நான் சமரசத்துக்குப் போனால் தப்பை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடாதா? என் வக்கீல் போராடலாம் என்கிறார்.”

ஆகாது. சமரச மையத்தில் பேசியது அந்த அறையோடு சரி. பேச்சு முறிந்தால், சமரசம் ஏற்படவில்லை என்று மட்டுமே சமரசர் நீதிமன்றத்துக்கு எழுதலாம். யார் என்ன சொன்னார், யார் இறங்கி வரவில்லை என்றெல்லாம் எழுதக்கூடாது என மோத்தி ராம் வழக்கில் 2010லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நாத்தனார் பேசியதற்கும் சீர் பாத்திரத்துக்கும் நான்கு பக்கம் செலவழித்திருக்கிறீர்கள். அதை வைத்து எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் உங்களை அரை நாள் கூண்டில் நிற்க வைப்பார், அவ்வளவுதான். எனக்கு வேண்டியது உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு சொல். “முதலில்.”

498ஏ நீங்கள் நினைத்தபோது வாபஸ் வாங்கும் வழக்கு அல்ல. கணவரும் அவர் வீட்டாரும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரத்து மனு போட வேண்டும். சமரசமாகிவிட்டது, ஆட்சேபனை இல்லை என்று நீங்கள் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். பி.எஸ்.ஜோஷி (2003), கியான் சிங் (2012) தீர்ப்புகளுக்குப் பிறகு இது வழக்கமான நடைமுறை. ரத்தான புகாருக்கு மறுபடி உயிர் கொடுப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். அவர் தரும் சம்மதம் அப்படியல்ல. சமரசமானால் விவாகரத்து பரஸ்பர சம்மதத்தில் நடக்கும்: இருவரும் சேர்ந்து முதல் மனு, ஆறு மாதம் காத்திருந்து இரண்டாம் கட்ட வாக்குமூலம், பிறகு தீர்ப்பு. தீர்ப்பு வரும்வரை யார் வேண்டுமானாலும் பின்வாங்கலாம். சுரேஷ்டா தேவி வழக்கு (1991). நீங்கள் கொடுப்பது திரும்பி வராது. அவர் கொடுப்பதை அவரே எடுத்துக்கொள்ளலாம்.

வக்கீலாக, இதில் விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். என் கட்சிக்காரப் பெண் ஒருவர், என் பேச்சைக் கேட்காமல், முதல் மனு போட்ட மறுமாதமே ரத்துக்குச் சம்மதம் கொடுத்துவிட்டார். ஐந்தாம் மாதம் கணவர் வந்து, “மனம் மாறிவிட்டது, சேர்ந்து வாழ விரும்புகிறேன்” என்று எழுதிக் கொடுத்தார். சேர்ந்து வாழவா? பேசிய தொகையைக் குறைக்க. பாதித் தொகைக்கு முடிந்தது. கணவர்கள் பக்கமும் நின்றிருக்கிறேன். முழுப் பணத்தையும் முதல் நாளே கொடுத்துவிட்டு, ரத்து மனுவில் கையெழுத்துக்காக மனைவி வீட்டுக்கு நடையாய் நடந்தவரும் உண்டு. உங்கள் கணவர் கேட்கும் “முதலில்” அந்தப் பயத்தில் வந்ததாகவும் இருக்கலாம்.

ஆகவே தொகையைப் பிரியுங்கள். முதல் மனுவன்று ஒரு பங்கு, இரண்டாம் கட்ட வாக்குமூலத்தன்று ஒரு பங்கு, கடைசிப் பங்கு ரத்து உத்தரவு வரும் நாளில். எல்லாம் டி.டி.யாக, எந்த நாளில் எவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே எழுதி. “உரிய காலத்தில்” என்ற சொல் எங்காவது இருந்தால் அடித்துவிடுங்கள். ஆறு மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யவும் மனு போடுங்கள்; அமர்தீப் சிங் தீர்ப்பு (2017) இடம் கொடுக்கிறது, நீங்கள் பிரிந்தே இரண்டரை வருடம் ஆகிறது. இடைவெளி குறையக் குறைய மனம் மாறவும் நேரம் இருக்காது.

ஃபிளாட் விஷயத்தில்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். “கணவர் தன் பாதியை விட்டுக்கொடுக்கிறார்” என்று சமரச ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் வீடு உங்களுடையது ஆகாது. விவாகரத்து மனுவில் அந்த வீடு வழக்குப் பொருளே இல்லை, எனவே அவர் தன் பங்கை உங்களுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம், பதிவு செய்தது, வேண்டும். அதுவும் விவாகரத்துத் தீர்ப்புக்கு முன். கணவன் மனைவியாக இருக்கும்வரை நீங்கள் ஒரே குடும்பம். முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40 ஆயிரம். தீர்ப்பு வந்த மறுநாள் அந்நியர்கள், 7 சதவீதம். அவர் பாதி 30 லட்சம் பெறும் என்றால், 30 ஆயிரத்தில் முடிய வேண்டியது 2 லட்சத்து 10 ஆயிரம் ஆகும். பதிவுக் கட்டணம் தனி. தீர்ப்புக்கு முன் எழுதிக் கொடுக்க அவர் தயங்குவார். இரண்டாம் கட்டத்துக்கு முந்தைய வாரம் பதிவு என்று வைத்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

கடன் பாக்கி வேறு இருக்கிறது. வங்கி உங்கள் சமரசத்தில் கையெழுத்துப் போடவில்லை. தவணை நின்றால் இருவரையும்தான் பிடிக்கும். மீதிக் கடனை யார் அடைப்பது என்று முடிவு செய்து, வங்கியின் எழுத்துபூர்வ சம்மதத்தை வாங்கிய பிறகே பத்திரம்.

“இந்தத் தொகையே மகளுக்கும் சேர்த்து” என்று வரைவில் ஒரு வரி நுழைந்திருக்கும், தேடிப் பாருங்கள். மகளின் ஜீவனாம்ச உரிமை மகளுடையது, அதை நீங்கள் எழுதிக் கொடுத்துவிட முடியாது. ஆனால் எழுதிவிட்டால், நாளை கல்லூரிக் கட்டணத்துக்காக மறுபடி கோர்ட் படி ஏற வேண்டும். உங்கள் நகையையும் பவுன் கணக்கோடு ஒப்பந்தத்தில் சேருங்கள்.

25 லட்சம் போதுமா? அவர் சம்பளமும் சொத்தும் தெரியாமல் நான் சொல்ல முடியாது. ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பின்படி (2020) ஜீவனாம்ச மனுவில் இருவரும் சொத்து விவரப் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். அவர் தந்தாரா? இல்லையென்றால் அதைக் கேட்டு வாங்கிய பிறகே தொகையைப் பற்றிப் பேசுங்கள். அதில் பெரிய ஒளிவுமறைவு இல்லையென்றால், முடித்துக்கொள்ளுங்கள். போராடலாம்தான், இங்கே தோற்றவர் உயர் நீதிமன்றத்துக்குப் போவார், அதற்குள் மகள் பத்தாம் வகுப்பு எழுதிவிடுவாள்.

அடுத்த அமர்வுக்குக் கடன் கணக்கு ஸ்டேட்மென்ட்டும் வில்லங்கச் சான்றும் எடுத்துப் போங்கள். மாமியாரின் வாட்ஸ்அப் பிரிண்ட் அவுட்டுகள் வீட்டிலேயே இருக்கட்டும்.