நூற்றுக்கு எழுபது: வாசகர் கேள்வி–பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பலவும் ஒரே இடத்தைச் சுற்றுகின்றன. மோசமும் இல்லை, பிரமாதமும் இல்லை என்று விமர்சகர்கள் கைகழுவிவிடும் கேம்கள். அவற்றை வாங்குவதா, விடுவதா, நம்புவதா? கேள்விகளுக்குப் போவோம்.

10க்கு 7 என்று போடுகிறார்களே, அது பாராட்டா, திட்டா?

போடுகிறவரைப் பொறுத்தது. ஐஜிஎன் என்ற கேம் தளத்தின் அளவுகோலில் 7 என்றால் 'நன்று', 6 'பரவாயில்லை', 5 'சுமார்'. பிரிட்டனின் எட்ஜ் பத்திரிகை 5ஐத்தான் நடுப்புள்ளியாக வைத்திருக்கிறது. அங்கே 7 வாங்கிய கேம் மார்தட்டிக்கொள்ளலாம். ஜப்பானின் ஃபாமிட்சு இதழில் நான்கு பேர் ஆளுக்கு 10 வீதம் மொத்தம் 40க்குப் போடுவார்கள். யூரோகேமர் தளம் 2015இல் மார்க் போடுவதையே விட்டது, 2023இல் ஐந்து நட்சத்திரங்களோடு திரும்பி வந்தது. ஆக, ஒரே 7 நாலு ஊரில் நாலு விலை போகும்.

விமர்சகர்களின் மார்க்கைச் சேர்த்து நூற்றுக்குச் சராசரி போடும் மெட்டாக்ரிட்டிக் தளத்தின் வண்ணங்களைக் கவனித்திருக்கிறீர்களா? சினிமாவுக்கு 61 வாங்கினாலே பச்சை. கேமுக்கு 75 வேண்டும். 50 முதல் 74 வரை மஞ்சள். கேம் விமர்சனங்களில் மார்க்கெல்லாம் அளவுகோலின் மேல்பாதியிலேயே குவிந்துகிடப்பதுதான் இதற்குப் பின்னால் இருக்கும் விஷயம். படுமட்டமான கேம்கள் பெரும்பாலும் விமர்சகர் மேசைக்கே வருவதில்லை. வந்தவற்றில் ஒன்று 5க்குக் கீழே போனால், அது ஏதோ ஒருவகையில் உடைந்த கேம் என்று பொருள். அதனால் 70ஐப் 'பாஸ், ஆனால் ஏதோ ஒன்று நெருடியிருக்கிறது' என்று படியுங்கள். என்ன நெருடியது என்பது மார்க்கில் இருக்காது.

இரண்டு கேம்களுக்கும் சராசரி 70. ஒன்று சலிப்பு, இன்னொன்று கீழே வைக்க முடியவில்லை. எப்படி?

சராசரி செய்கிற வேலை அது. எல்லாரும் 7 போட்டாலும் 70 வரும்; பாதிப் பேர் 9, பாதிப் பேர் 5 போட்டாலும் 70தான் வரும். முதல் வகை யாரையும் புண்படுத்தாத கேம். இரண்டாவது வகை சிலருக்கென்றே செய்தது. 2010இல் வந்த 'டெட்லி பிரிமோனிஷன்' இதற்கு உச்சகட்ட உதாரணம்: ஐஜிஎன் 10க்கு 2 கொடுத்தது, டெஸ்ட்ரக்டாய்டு தளம் 10க்கு 10 கொடுத்தது. துப்பாக்கிச் சண்டை கட்டை, கார் ஓட்டுவது தண்டனை, ஆனால் கதை நடக்கும் சிற்றூரும் அதில் வாழும் விசித்திர மனிதர்களும் வேறு எங்கும் கிடைக்க மாட்டார்கள். இருவருமே கண்ணால் கண்டதைத்தான் எழுதினார்கள்.

செய்ய வேண்டியது எளிது. சராசரியை மறைத்துவிட்டு, மிக அதிக மார்க் கொடுத்த ஒரு விமர்சனத்தையும் மிகக் குறைந்த மார்க் கொடுத்த ஒன்றையும் படியுங்கள். இரண்டும் ஒரே குறையைச் சொல்லி, ஒருவர் அதைப் பொருட்படுத்தாமல் விட்டிருந்தால், நீங்கள் யார் பக்கம் என்று யோசித்தால் போதும். இரண்டும் வெவ்வேறு குறைகளைச் சொன்னால்தான் சிக்கல். அது நிஜமாகவே பல இடங்களில் தளர்ந்த கேம்.

ஒரு குறையை எப்படி எடைபோடுவது? விமர்சகர் எழுதும் எல்லாக் குறையும் எனக்கு ஒரே அளவாகத் தெரிகிறது.

நல்ல கேள்வி, நீளமாகவே பதில் சொல்லலாம்.

முதலில் கேட்க வேண்டியது: இந்தக் குறை மணிக்கு எத்தனை முறை வருகிறது? ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். கீழே கிடக்கும் பொருளை எடுக்க ஒவ்வொரு முறையும் 4 விநாடி குனிந்து நிமிர்கிறார் கதாநாயகர். மணிக்கு 30 முறை என்றால் 2 நிமிடம். 40 மணிநேர கேமில் 80 நிமிடம் குனிந்து நிமிர்வதிலேயே போகிறது. அதே கேமில் எரிச்சலூட்டும் ஒரு பாஸ் (பெரிய எதிரி) சண்டை இருக்கிறது. 25 நிமிடம், ஒரே ஒரு முறை. விமர்சனத்தில் பாஸ் சண்டைக்கு ஒரு முழுப் பத்தி கிடைக்கும், குனிவதற்கு அரை வரி கிடைக்கும். உங்களை வாட்டப்போவது அரை வரிக் குறைதான்.

இரண்டாவது, குறை எங்கே உட்கார்ந்திருக்கிறது? கேமில் நீங்கள் அதிகம் செய்யும் காரியத்திலா, ஓரத்திலா? 2015 செப்டம்பர் 1 அன்று, 'மெட்டல் கியர் சாலிட் 5' வந்த அதே நாளில் வந்து அதன் நிழலில் மறைந்துபோனது 'மேட் மேக்ஸ்'. முகாம்களைப் பிடி, கோபுரத்தைச் சாய், கண்ணிவெடியை அகற்று என்று வரைபடம் முழுக்க ஒரே வேலைப்பட்டியல். உண்மையான குறைதான். ஆனால் அந்த கேமின் உயிர் வண்டிச் சண்டையில் இருக்கிறது: கொக்கியை வீசி எதிரி வண்டியின் கதவைப் பிய்ப்பது, ஓட்டுநரையே இழுத்துப் போடுவது, பாலைவனப் புயலுக்குள் துரத்துவது. மையம் கெட்டியாக இருப்பதால் ஓரத்துக் குறையை நீங்களே தள்ளிவைக்கலாம். வரைபடத்தைச் சுத்தம் செய்தே தீருவேன் என்று நிற்பவருக்கு அது 6 மார்க் கேம். கதையோடும் வரிசையாக ஓடும் எதிரி வண்டிக் கூட்டங்களோடும் நிறுத்திக்கொள்பவருக்கு 8.

'ஆல்ஃபா புரோட்டோகால்' இதற்கு நேர் எதிர். 2010இல் ஒப்சிடியன் செய்த உளவாளி கேம். உரையாடலில் கடிகாரம் ஓடும், யோசித்து நிற்க முடியாது. யாரை விட்டீர்கள், யாரைக் கொன்றீர்கள் என்பதை கேம் கடைசிவரை மறக்காது. ஆனால் சுடுவது மையத்தில் இருக்கிறது, அதுவோ சொதப்பல். குறிபார்த்துச் சுட்டாலும் உங்கள் திறமைப் புள்ளி குறைவென்றால் குண்டு எங்கோ போகும். திரையில் தெரிவது ஒன்று, உள்ளே உருளும் பகடை வேறொன்று. விளையாடத்தான் போகிறீர்கள் என்றால் கைத்துப்பாக்கியிலும் மறைந்து நகர்வதிலும் புள்ளிகளைக் கொட்டுங்கள். கைத்துப்பாக்கியின் 'செயின் ஷாட்' திறன் காலத்தை நிறுத்திப் பல குறிகளை ஒரேயடியாகச் சாய்க்கும்; பாதிக் குறை காணாமல் போகும்.

மூன்றாவது, குறை எப்போது வருகிறது? 'டேஸ் கான்' 2019 ஏப்ரலில் வந்தபோது மெட்டாக்ரிட்டிக்கில் 71 வாங்கியது. அதன் பெரிய பலம் நூற்றுக்கணக்கில் பாய்ந்துவரும் ஜாம்பி கும்பல்கள். அந்தக் கும்பல்களோடு கேம் உங்களை முழுசாக மோதவிடுவது கதையின் பின்பகுதியில்தான். அதுவரை பைக்குக்கு பெட்ரோல் தேடி, மெதுவாக நடந்து, நீளமான பேச்சுகளைக் கேட்க வேண்டும். பொறுத்துப் போனவர்கள் கொண்டாடினார்கள், நடுவில் விட்டவர்கள் திட்டினார்கள். முன்பாதியில் குறை உள்ள கேமுக்குப் பொறுமை பலன் தரும். பின்பாதியில் சரியும் கேமுக்குப் பொறுமையால் பயனில்லை, கதை முடிவுக்காக மட்டும் இழுத்துக்கொண்டு போவீர்கள்.

விமர்சகர்கள் கேமை முழுசா முடிக்கிறார்களா?

கதையை முடிப்பவர்கள் நிறைய உண்டு, எல்லாவற்றையும் தோண்டிப் பார்ப்பவர்கள் குறைவு. அதைவிட முக்கியம் வேகம். 50 மணிநேர கேமை ஒரு வாரத்தில் முடிப்பவருக்கு ஒரே மாதிரி வேலைகள் கண்ணில் குத்தும். வாரத்துக்கு நாலு மணிநேரம் ஆடுபவருக்கு அதுவே பழகிய சுகம். 'திரும்பத் திரும்ப வருகிறது' என்ற குறையைப் படிக்கும்போது இதை மனத்தில் கழித்துக்கொள்ளுங்கள். 'கேமரா சுவரில் முட்டுகிறது' என்பதைக் கழிக்க வேண்டாம்.

பக் (நிரல் பிழை) இருக்கிறது, பேட்ச் (திருத்தக் கோப்பு) வந்தால் சரியாகும் என்கிறார்கள். காத்திருக்கலாமா?

எந்தக் குறை என்று சொல்லுங்கள். கேம் முடங்குவது, சேவ் கெடுவது, ஃபிரேம் (விநாடிக்குத் திரையில் மாறும் படங்கள்) விழுவது, எதிரியின் உயிர் அளவு கூடுதலாக இருப்பது இவையெல்லாம் பேட்சில் சரியாகும் வகை. லெவல்களின் (ஆட்டக் கட்டங்களின்) அமைப்பு, கதையின் நடை, கதாநாயகரின் அசைவே கனமாக இருப்பது போன்றவை அஸ்திவாரம்; அவற்றைத் தொட்டால் மேலே உள்ள எல்லாம் ஆடும்.

இரண்டுக்கும் நடுவே சில உண்டு. 2012இன் 'டிராகன்ஸ் டாக்மா'வில் ஊருக்கு ஊர் நொடியில் தாவ ஒரு கல் வேண்டும், விலையோ அதிகம், ஒரு முறைதான் பயன்படும். அதனால் ஒரே பாதையில் மாய்ந்து மாய்ந்து நடக்க வேண்டியிருந்தது. 2013இல் வந்த 'டார்க் அரைஸன்' பதிப்பில் தீராத கல் ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரே ஒரு பொருளால் வடிவமைப்புக் குறை ஒன்று பாதியாகக் கரைந்தது.

'சைபர்பங்க் 2077' பற்றியும் பலர் கேட்டிருக்கிறீர்கள். வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கிடைத்தது பிசி பிரதி மட்டுமே. பழைய கன்சோல்களில் அது எப்படித் தள்ளாடும் என்பது 2020 டிசம்பர் 10க்குப் பிறகே ஊருக்குத் தெரிந்தது. சில நாட்களில் பிளேஸ்டேஷன் ஸ்டோர் அதை விற்பனையிலிருந்து எடுத்தது, 2021 ஜூனில்தான் திரும்ப வைத்தது. திறமை மரத்தையும் (கதாநாயகரின் திறன்களைக் கிளை கிளையாக வளர்க்கும் பட்டியல்) போலீஸையும் மாற்றி எழுதிய 2.0 பேட்ச் 2023 செப்டம்பரில் வந்தது. கிட்டத்தட்ட மூன்று வருடம். விமர்சனம் படிக்கும்போது எந்த மெஷினில், எந்த பேட்சில் ஆடினார் என்ற வரியைத் தேடுங்கள். அந்த வரியே இல்லாத விமர்சனத்தின் தொழில்நுட்பப் பகுதியை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

சராசரி 55 ஃபிரேம் என்று போட்டிருந்தார்கள், ஆனால் கேம் திக்குகிறது. பொய் சொன்னார்களா?

இல்லை. விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லிவிநாடி. ஒரு விநாடியில் ஒரே ஒரு ஃபிரேம் 100 மில்லிவிநாடி நின்றுவிட்டாலும், மீதி நேரத்தில் 54 ஃபிரேம் ஓடிவிடும். சராசரி 55. கண்ணுக்கோ அது உதை. சராசரியை விட '1 சதவீத லோ' (மிக மெதுவான 1 சதவீத ஃபிரேம்களின் வேகம்) என்று தரும் எண்ணைப் பாருங்கள்.

எந்த வகைத் திக்கல் என்பதையும் கண்டுபிடிக்கலாம். புதிய வெடி, புதிய மந்திரம் முதல் முறை வரும்போது மட்டும் திக்கி, இரண்டாம் முறை சீராக வந்தால், ஷேடர்கள் (ஒளி, நிழல், நிறத்தைக் கணக்கிடும் சிறு நிரல்கள்) ஆட்டத்தின் நடுவே தயாராகின்றன என்று அர்த்தம். போகப்போகக் குறையும், பேட்சிலும் சரியாகும். ஒரே தெருமுனையைக் கடக்கும்போதெல்லாம் திக்கினால், அடுத்த பகுதியின் தரவை உள்ளே இழுப்பதில் சிக்கல். கிராஃபிக்ஸைக் குறைத்தாலும் அது பெரிதாக மாறாது.

ஸ்டீமில் 'மிக்ஸ்டு' என்று மஞ்சளில் போட்டிருக்கிறது. வாங்கலாமா?

அது மார்க் அல்ல. ஸ்டீம் என்ற பிசி கேம் கடையில் கருத்து எழுதியவர்களில் 40 முதல் 69 சதவீதம் பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள் என்பது மட்டுமே. நூறு பேரும் 'சுமார்தான், ஆனால் ஆடலாம்' என்று நினைத்தால் ஸ்டீமில் நூறு சதவீதம் வந்துவிடும்; விமர்சகர் சராசரியில் அதே கேம் 65இல் நிற்கும். இரண்டையும் ஒப்பிடுவதே தப்பு.

மொத்த மதிப்பீட்டையும் கடைசி 30 நாள் மதிப்பீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழையது தாழ்ந்து புதியது உயர்ந்திருந்தால் பேட்ச் வேலை செய்திருக்கிறது. தலைகீழாக இருந்தால் சமீபத்தில் ஏதோ உடைந்திருக்கிறது, அல்லது கேமுக்குச் சம்பந்தமில்லாத ஒரு கோபத்தைக் கொட்டுகிறார்கள். ஒவ்வொரு விமர்சனத்துக்கும் மேலே எத்தனை மணிநேரம் ஆடினார் என்று இருக்கும். அரை மணிநேரத்தில் திட்டியவர் பெரும்பாலும் கேம் திறக்காததைத் திட்டுகிறார்; 80 மணிநேரம் ஆடிவிட்டுத் திட்டுபவர் கடைசிப் பகுதியைத் திட்டுகிறார்.

ஸ்டீமில் பணத்தைத் திரும்ப வாங்கும் அந்த 2 மணிநேரத்தில் என்ன சோதிப்பது?

வாங்கி 14 நாளுக்குள், ஆட்டம் 2 மணிநேரத்துக்குள். மெனுவில் சும்மா நிற்பதும் கணக்கில் ஓடும், மறக்காதீர்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே எடுபடாது. கேமின் முதல் ஒரு மணிநேரம்தான் மற்ற எதையும் விட அதிகம் செதுக்கப்பட்ட பகுதி. அதனால் அழகில் மயங்காமல் இப்படிச் செய்யுங்கள். முதல் பத்து நிமிடத்துக்குள் எழுத்தின் அளவு, பட்டன் மாற்றும் வசதி பார்த்துவிடுங்கள். முதல் சண்டையில் வேண்டுமென்றே ஒருமுறை செத்துப்போங்கள். திரும்பி வர எத்தனை விநாடி ஆகிறது, எவ்வளவு தூரம் பின்னால் தள்ளுகிறது என்று எண்ணுங்கள். பிறகு சேவ் செய்து, வெளியே வந்து, மறுபடி உள்ளே போங்கள். மூன்றாவது வகை எதிரி வரும்வரை ஆடுங்கள், சண்டையில் உங்கள் வழியை மாற்ற வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். 1 மணி 40 நிமிடத்தில் நிறுத்தி முடிவெடுங்கள்.

'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' ஒரு மார்க்கில் போனஸை இழந்தது உண்மையா?

உண்மை. அதைச் செய்த ஒப்சிடியனுக்கு மெட்டாக்ரிட்டிக்கில் 85 வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம், வந்தது 84. வெளியான 2010இல் பக்குகள் மலிந்திருந்தன, விமர்சகர்கள் அதற்காகக் குறைத்தார்கள், அது அவர்கள் வேலை. சராசரியை ஊதியத்தோடு முடிச்சுப்போட்டது விமர்சகர்கள் அல்ல.

குறை இருந்தாலும் ஆடியே தீர வேண்டிய ஒன்று சொல்லுங்கள்.

'வாம்பயர்: தி மாஸ்கரேட் – பிளட்லைன்ஸ்'. 2004 நவம்பரில் 'ஹாஃப்-லைஃப் 2' வந்த அதே நாளில், அதே சோர்ஸ் எஞ்சினில் (கேம் இயங்கும் அடிப்படை மென்பொருள்) வந்தது. அரைவேக்காடாக வெளிவந்தது, கதை மேலே போகவிடாமல் கேம் முடங்கும் இடம்கூட ஒன்று இருந்தது. செய்த டிரொய்க்கா நிறுவனம் 2005இல் மூடப்பட்டது. ரசிகர் உருவாக்கிய அன்அஃபிஷியல் பேட்ச்தான் அதை உயிரோடு வைத்திருக்கிறது. நிறுவும்போது 'பேசிக்', 'பிளஸ்' என்று இரண்டு கேட்கும். முதல்முறைக்கு பேசிக் போதும், அது பக்குகளை மட்டும் திருத்துகிறது, பிளஸ் உள்ளடக்கத்தையும் மாற்றும்.

பேட்சால் திருத்த முடியாதது ஒன்று மிச்சம் இருக்கிறது. முதல் பாதி முழுக்கப் பேச்சால் வெல்லலாம் என்று கேம் உங்களைப் பழக்கும். ஹாலிவுட் பகுதியின் சாக்கடைகளுக்குள் இறங்கியதும் பேச்சுக்கு வேலையில்லை, சண்டைதான். பேச்சுத் திறமையில் மட்டும் புள்ளிகளைப் போட்டவர்கள் அங்கே மாட்டிக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். அதற்கு முந்தைய பகுதியான டவுன்டவுனிலிருந்து கிளம்பும் முன்பே கைகலப்பு, ஆயுதச் சண்டை, துப்பாக்கி என்ற மூன்றில் ஒன்றையாவது நன்றாக உயர்த்தி வைத்துக்கொள்ளுங்கள்.