ஒத்த லாரி வச்சுக் குடும்பம் நடத்த முடியுமா? – கேள்வி பதில்

19 வருஷமா ஸ்டியரிங் பிடிக்கிறேன். முதல் 8 வருஷம் அடுத்தவர் வண்டி, அப்புறம் சொந்த வண்டி. ஒண்ணே ஒண்ணுதான்: பத்து வீல், நேஷனல் பர்மிட், பெரும்பாலும் சேலம்–புனே லைன். இப்ப வண்டி பாடி பட்டறையில் நிக்குது, எனக்கும் ரெண்டு நாள் சும்மாதான். கேளுங்க. என் லைன் இல்லாததுக்கு வேற ஆளைக் கைகாட்டிடுறேன்.

கேள்வி (துபாயில் 9 வருஷம் இருந்துட்டு ஊர் திரும்பினவர்): கையில் 12 லட்சம் இருக்கு. முன்பணம் கட்டிப் புது பத்து வீல் எடுத்து நானே ஓட்டினா மாசம் எவ்வளவு நிக்கும்?

என் நோட்டில் இருக்கிற ஒரு நடையை, அதாவது போய்த் திரும்புற ஒரு டிரிப்பை, அப்படியே எழுதுறேன். உங்க ஊர் ரேட் வேறயா இருக்கலாம், கணக்குப் போடுற விதம் இதேதான்.

சேலம்–புனே போக வர 2,100 கிலோமீட்டர். போறப்ப 18 டன், டன்னுக்கு 2,800, ஆக 50,400. திரும்பும்போது அதே 18 டன், டன்னுக்கு 2,300, ஆக 41,400. மொத்த வாடகை 91,800. இந்த நம்பரைக் கேட்டுட்டுத்தான் பாதிப் பேர் லாரி வாங்குறாங்க.

லிட்டருக்கு 4 கிலோமீட்டர்னு வச்சா 525 லிட்டர் டீசல். 92 ரூபாய்னா 48,300. டோல் ரெண்டு பக்கமும் 16,000. லோடு பிடிச்சுக் குடுக்கிற புக்கிங் ஆபீஸ் கமிஷன், ஏத்துக்கூலியில் நம்ம பங்கு, எடைச்சீட்டு, பார்க்கிங், வழிச்சாப்பாடு, வழியில் கைநீட்டுறவங்களுக்குக் குடுக்கிறது எல்லாம் ஒரு 6,000. மிச்சம் 21,500.

இங்கதான் பல பேர் நோட்டை மூடிடுவாங்க. மூடாதீங்க. டயர் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் தேயுது, அது 4,200. ஆயில், புகையைச் சுத்தமாக்க ஊத்துற ஆட்புளூ, பிரேக் லைனிங், சர்வீஸ் இதுக்கெல்லாம் இன்னொரு 2 ரூபாய், அதுவும் 4,200. கடைசியா நிக்கிறது 13,100. டயர் காசைத் தனிக் கணக்கில் போட்டுடுங்க. இதை இன்னும் நாலு தடவை சொல்லுவேன், சலிச்சுக்காதீங்க.

மாசம் 3 நடைனா 39,300. இன்சூரன்ஸ், பர்மிட், ரோடு டாக்ஸ், எஃப்சி (வண்டி தகுதிச் சான்று) எல்லாத்தையும் மாசத்துக்குப் பிரிச்சா எனக்கு 11,000 வருது. 2022-ல் அறிவிச்ச ரேட்டில், 20 டன்னுக்கு மேல 40 டன் வரைக்கும் இருக்கிற வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் 43,950, வரி தனி. போக மீதி 28,300. ஒரு டிரைவரைப் போட்டா அவருக்கு 25,000 குடுக்கணும் இல்லையா? நீங்களே ஓட்டினாலும் அந்த 25,000 உங்க கூலிதான், லாபம் கிடையாது. லாரி உங்களுக்குச் சம்பாதிச்சது 3,300.

இப்ப டியூவைப் பாருங்க. 30 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, 5 வருஷம்னா மாசம் 65,000-க்கு மேல. எங்கிருந்து கட்டுவீங்க?

ஆனா 4 நடை ஓடினா கதை வேற. 52,400. அந்த நாலாவது நடைக்கு இன்சூரன்ஸும் பர்மிட்டும் தனியாக் கிடையாது, 13,100 முழுசாக் கைக்கு வரும். ஓட்டுறதுக்கு ஒரு நடைக்கு 6 நாள் போதும். 3 நடைக்காரர் ஒவ்வொரு நடையிலும் 4 நாள் நிக்கிறார், 4 நடைக்காரர் ஒன்றரை நாள் நிக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். புனேவுக்கு வெளியில் ஒரு குடோன் வாசலில் மூணு நாள் நின்னிருக்கேன். எனக்கு டோக்கன் 41, உள்ள ஓடுறது 17. வாட்ச்மேன் டோக்கனைப் பார்க்கவே மாட்டார், டயர் நிழலில் படுத்திருக்கிற நம்ம மூஞ்சியைப் பார்த்து "கல்"னு மட்டும் சொல்லுவார். நாளைக்குன்னு அர்த்தம். மூணு நாள் கழிச்சு ஹால்டிங், அதாவது நிக்க வச்சதுக்குக் காசு, கேட்டா, "எழுதி வாங்கினியா?"ன்னாங்க. எழுதி வாங்கலை.

உங்களுக்கு என் யோசனை: புதுசு வேண்டாம். கடன் இல்லாம வாங்குற மாதிரி பழைய வண்டி பாருங்க. பத்து வீல் மாதிரி ரெண்டு ஆக்சிலுக்கு (வீல் மாட்டுற அச்சு) மேல இருக்கிற மல்டி ஆக்சில் வண்டிக்கு நேஷனல் பர்மிட் 15 வருஷம் வரைக்கும்தான், அதனால அதுக்கு எத்தனை வருஷம் மிச்சம்னு ஆர்சி-யைப் பார்த்துட்டு விலை பேசுங்க. 12 லட்சத்தில் 2 லட்சத்தைத் தொடாதீங்க.

கேள்வி: ஹெவி லைசென்ஸ் எடுக்க என்ன செய்யணும்?

20 வயசு ஆகியிருக்கணும். கார் ஓட்டுற லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆகியிருக்கணும். அப்புறம் டிரைவிங் ஸ்கூல், ஆர்டிஓ. 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும்.

கேள்வி: டாடாவா, லேலண்டா?

உங்க ஊர் மெக்கானிக்குக் கண்ணை மூடிட்டுக் கழட்டி மாட்டத் தெரிஞ்ச வண்டி எதுவோ அது.

கேள்வி (ஒரு சகோதரி): என் வீட்டுக்காரர் 14 வருஷமா ஒரே ஓனர்கிட்ட டிரைவர். இப்ப சொந்தமா ஒரு வண்டி எடுக்கணும்னு என் நகையைக் கேக்குறார். நல்ல டிரைவர்தான், குடியும் இல்லை. குடுக்கலாமாண்ணே?

தங்கச்சி, நல்லா ஓட்டுறது பாதித் தொழில்தான். மீதிப் பாதி என்னன்னா லோடு பேசுறது, பேலன்ஸ் (அட்வான்ஸ் போக மீதி வாடகை) வாங்குறது. டிரைவரா இருந்தவரை அதெல்லாம் ஓனர் தலைவலி. என் முதல் வருஷத்தில் 1,40,000 பேலன்ஸ் ஒரு புக்கிங் ஆபீஸில் மாட்டிக்கிச்சு. இறக்கின ரசீதைக் குடுத்தா 15 நாளில் பணம்னாங்க. ஒரு ரசீதில் "2 மூட்டை நனைஞ்சது"ன்னு கடைசி வரியில் பொடி எழுத்தில் எழுதியிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. அந்த ஒரு வரியை வச்சு மொத்தத்தையும் 5 மாசம் இழுத்தடிச்சாங்க. நான் ஓட்டினேன், பணம் வரலை. என் வீட்டுக்காரி வளையல்தான் டயர் ஆச்சு.

அதனால அவர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க. போகும்போது லோடு குடுக்க, பேர் சொல்லிக் கூப்பிடுற ரெண்டு பார்ட்டியாவது இருக்காங்களா? திரும்பி வர்றப்ப யார் குடுப்பாங்க? வாடகை 45 நாள் வரலைன்னாலும் வீட்டுச் செலவும் டீசலும் எதில் ஓடும்? மூணுக்கும் உடனே பதில் வந்தா, நகையில் பாதியை மட்டும் குடுங்க. "வண்டி வந்தா லோடு தானா வரும்"னு சொன்னா, இன்னும் ஒரு வருஷம் ஓனர்கிட்டயே இருந்து, அவர் சம்மதத்தோட புக்கிங் ஆபீஸ்களில் முகம் பழகட்டும். அப்புறம், கணக்கு நோட்டை நீங்க வச்சுக்கோங்க. எனக்குத் தெரிஞ்சு ஒத்த வண்டியில் தேறினவங்க வீட்டில் நோட்டு பொம்பளைங்க கையில்தான் இருக்கு. டயர் காசையும் நீங்களே பிடிச்சு வைங்க.

கேள்வி: யூடியூபில் ஒருத்தர் லாரியில் மாசம் 1 லட்சம்னு சொல்றாரே?

வாடகையைச் சொல்லியிருப்பார். மேல இருக்கிற கணக்கைப் படிங்க.

கேள்வி (சங்ககிரியிலிருந்து, 22 வருஷ ஓனர்): 18 டன்னுக்குக் கணக்குப் போட்டிருக்கீங்க. இந்த லைனில் யாருங்க 18 ஏத்துறா? 22 ஏத்தினா நடைக்கு 20,000 கூட வரும், தொழில் நிக்கும். நீங்க ஆர்டிஓ ஆபீஸ் போர்டை வாசிக்கிறீங்க.

வாங்கண்ணா, இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஓவர்லோடுக்கு அபராதம் 20,000, அது போகக் கூடுதலா இருக்கிற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. 4 டன்னுக்கு 28,000. கூட ஏத்தினதை அங்கேயே இறக்கவும் சொல்லலாம். ஒரு தடவை மாட்டினா ரெண்டு நடையில் நிக்கிறதுக்கு மேலயே போச்சு.

அவரே: மாட்டினாத்தானே? பத்து நடைக்கு ஒரு தடவை மாட்டினாலும் எனக்கு லாபம்தான். கணக்கு உங்களுக்கு மட்டும்தான் தெரியுமா?

நியாயமான அடி. அபராதத்தை மட்டும் வச்சுப் பேசினா நீங்க சொல்றது தேறும், ஒத்துக்கிறேன். அப்ப மத்ததையும் நோட்டில் எழுதுங்க. 4 டன் கூட ஏறினா மைலேஜ் இறங்கும், ஸ்பிரிங் பட்டை உடையும். பின்பக்க ஜோடி டயரில் உள் டயர் சூடேறி வெடிச்சா வெளி டயரும் கூடவே போகும். விபத்துன்னு வந்தா முதல்ல தேடுற காகிதம் எடைச்சீட்டுதான்.

இன்னொருத்தர் (ஜல்லி லோடு ஓட்டுறவர்): சங்ககிரி அண்ணன் சொல்றது சரிதான். ஏத்தலைன்னா குவாரியில் அடுத்த வண்டியைக் கூப்பிடுறான். நாங்க ஆசைப்பட்டா ஏத்துறோம்?

இல்லை தம்பி, உங்க கழுத்தில் கத்தி இருக்கு, தெரியுது. நான் கேக்குறது வேற. 2018 ஜூலையில் என்ன நடந்துச்சு? டீசல் விலை, டோல்னு கோரிக்கை வச்சு நாடு முழுக்க 8 நாள் வண்டியை நிறுத்தினோம். அதுக்கு நாலு நாள் முன்னாடி அரசாங்கம் ஆக்சில் எடையைக் கூட்டிடுச்சு. நாலு டயர் ஆக்சில் 10.2 டன்னிலிருந்து 11.5, ரெட்டை ஆக்சில் 19-லிருந்து 21. டிரெய்லர் உச்சவரம்பு 49-லிருந்து 55. அதாவது நேத்து வரை ஓவர்லோடா இருந்ததில் ஒரு பங்கு சட்டப்படியான லோடு ஆச்சு. நடை வாடகை கூடிச்சா? என் லைனில் ஒரு ரூபாய் கூடலை. டன் ரேட்டு இறங்கி, பழைய வாடகைக்கே கூடுதல் எடை இழுத்தோம். ஒரே ராத்திரியில் எல்லா வண்டியும் பெருசாயிடுச்சு, சரக்கு அதே அளவுதான்.

சங்ககிரி அண்ணன்: அப்ப நான் மட்டும் 18 ஏத்தினா ரேட்டு ஏறிடுமா?

ஏறாது. இதுக்கு என்கிட்ட பதில் இல்லண்ணா. நான் 18-ல் ஓட்டுறதுக்குக் காரணம், என் வண்டிக்கு டியூ கிடையாது, தாக்குப்பிடிக்க முடியுது. உங்களுக்கு ரெண்டு வண்டி டியூ ஓடுதுன்னு நினைக்கிறேன். கடன்தான் உங்களை 22 ஏத்த வைக்குது. நான் முதல் கேள்விக்காரரைப் புது வண்டி வேண்டாம்னு தடுத்ததே அதுக்காகத்தான்.

சங்ககிரி அண்ணன்: ரெண்டு இல்லை, மூணு.

சரிங்கண்ணா.

கேள்வி: ஹெவி லைசென்ஸுக்கு வயசு எத்தனை?

மேல இருக்கு.

கேள்வி: கேஸ் டேங்கர் ஒண்ணு வாங்கி ஆயில் கம்பெனியில் விடலாமா? வாடகை உறுதின்னு சொல்றாங்க.

அது டெண்டர் தொழில், புக்கிங் ஆபீஸ் தொழில் இல்லை. நாமக்கல்லில் டேங்கர் ஓனர்கள் சங்கம் இருக்கு, அங்க போய் ஒரு டீ குடிச்சுட்டுக் கேளுங்க.

கேள்வி: வருமான வரி எப்படிக் கட்டுறது? கணக்கு எழுதத் தெரியாது.

10 வண்டிக்குள்ள வச்சிருக்கிறவங்களுக்கு வருமான வரிச் சட்டத்தில் தனி வழி இருக்கு (1961 சட்டத்தில் 44ஏஇ பிரிவு). 12 டன்னுக்கு மேல மொத்த எடை இருக்கிற வண்டினா, டன்னுக்கு மாசம் 1,000 ரூபாய் வருமானம்னு வச்சுக்குவாங்க. 28 டன் வண்டினா மாசம் 28,000. இதில் வேடிக்கை என்னன்னா, வண்டி பட்டறையில் நின்னாலும் அந்த மாசமும் 28,000 சம்பாதிச்சதாத்தான் கணக்கு. மீதியை ஆடிட்டர்கிட்ட கேளுங்க. வாடகையில் வரி பிடிக்காம இருக்க, பான் நம்பரோட 10 வண்டிக்கு மேல இல்லைன்னு வாடகை குடுக்கிறவங்ககிட்ட உறுதிக் கடிதம் எழுதிக் குடுத்துடுங்க. அதைக் குடுக்காம விட்டுட்டுப் புலம்புறவங்க நிறைய.

கேள்வி: வழியில் வண்டி ரிப்பேர், இ-வே பில் (சரக்கோட போற ஜிஎஸ்டி சீட்டு) முடிஞ்சுடுச்சு. என்ன பண்ணணும்?

200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் செல்லும். முடியறதுக்கு 8 மணி நேரம் முன்னாடியும், முடிஞ்சு 8 மணி நேரம் வரைக்கும்தான் நீட்ட முடியும். ரிப்பேர்னு தெரிஞ்சதும் மெக்கானிக்குக்கு முன்னாடி புக்கிங் ஆபீஸுக்குப் போன் போடுங்க. நின்ன வண்டியோட போட்டோவும் அனுப்பிடுங்க.

கேள்வி: ஆப்பில் லோடு எடுத்தா புரோக்கர் கமிஷன் மிச்சமாகுமே?

ரிட்டர்ன் லோடுக்கு நானும் பார்க்குறேன். அட்வான்ஸ் ஏறாம வண்டியை நகர்த்தாதீங்க. புரோக்கர் ஏமாத்தினா அவர் ஆபீஸ் வாசலில் போய் உட்காரலாம், ஆப்புக்கு வாசல் இல்லை.

கேள்வி: அண்ணா, ஹெவி லைசென்ஸ்…

தம்பி, மேல ரெண்டாவது கேள்வி. படிக்கச் சோம்பலா இருந்தா இந்தத் தொழிலுக்கு வராதீங்க, ரசீதில் பொடி எழுத்து நிறைய இருக்கும்.

கேள்வி (ஓமலூர் பக்கம், 3 வருஷமா ஒத்த வண்டி): உங்க நோட்டை வச்சு நானும் கணக்குப் போட்டேன். மாசம் 4 நடை, டியூ 22,000, வீட்டுக்கு 30,000 வரைக்கும் எடுக்குறேன். நல்லாத்தான் போகுதுன்னு நினைச்சேன். டயர் காசுன்னு மட்டும் ஒரு ரூபாய் ஒதுக்கலை. இப்ப பத்தும் தேஞ்சு நிக்குது.

52,400-ல் 11,000 போனா 41,400. டியூ போக 19,400. நீங்க எடுக்கிறது 30,000. அந்த 10,600 எங்கிருந்து வருதுன்னு பார்த்தீங்களா? டயரும் சர்வீஸும் சேர்த்து மாசம் 33,600 ஒதுக்கணும். அதிலிருந்துதான் மூணு வருஷமா எடுத்துச் சாப்பிட்டுட்டு இருக்கீங்க. பத்தையும் ஒரே சமயத்தில் மாத்தப் பணம் இருக்காது. முன் ரெண்டுக்குப் புதுசு போடுங்க, கழட்டினதில் உடம்பு நல்லா இருக்கிறதை ரீட்ரெட் பண்ணி, அதாவது மேல புது ரப்பர் ஒட்டி, பின்னாடி போட்டுக்கலாம். வண்டி இப்ப லோடோட நிக்குதா? நின்னா ராடை எடுத்துட்டுப் போய்ப் பின்பக்க உள் டயரை ஒவ்வொண்ணாத் தட்டுங்க. காத்து இருந்தா டங்குன்னு கேக்கும். தொப்புன்னு கேட்டா இன்னைக்கு ராத்திரி எடுக்காதீங்க.

அவரே: வலது பக்கம் ஒண்ணு தொப்புன்னுதான் கேக்குது.

ஜாக்கி இருக்கா? எந்த இடத்தில் நிக்கிறீங்க?